அடிவாரமும் சுனையும்

உயர்ந்த மலையொன்றின் மேலுள்ள நீர்நிலைக்கு விடியுமுன் புறப்பட்டு ஏறி, நீராடி வணங்கி, இருட்டுமுன் இறங்கிவிடுவது இந்தியாவின் பழைய வழிபாட்டு முறைகளுள் ஒன்று. இமயத்தில் அந்த நீர் பனியாறு உருகி வருவது. பொதிகையில் மழை ஊறி வருவது. இரண்டு இடத்திலும் எழும் கேள்வி ஒன்றே. ஏறிச் சென்றவருக்குக் கிடைப்பது, ஏற முடியாமல் அடிவாரத்தில் நின்றவருக்கும் கிடைக்குமா? கிடைக்கும் என்றால் இவ்வளவு பாடுபட்டு ஏறுவது எதற்கு? கிடைக்காது என்றால் முதியவரும் நோயாளியும் கைக்குழந்தையோடு நிற்பவளும் என்ன பிழை செய்தார்கள்?

இதற்கு எழுத்தில் கிடைக்கும் பழைய விடைகளுள் ஒன்று, தாமிரபரணி பிறக்கும் பொதிகை மலையைப் பற்றியதாகவே இருக்கலாம் என்பது திருநெல்வேலிக்காரர்கள் பலரும் அறியாத செய்தி. 7ஆம் நூற்றாண்டில் இந்தியாவில் பயணம் செய்த சீனத் துறவி யுவான் சுவாங், தென்கோடியிலிருந்த மலகூடம் என்னும் நாட்டைப் பற்றித் தம் பயண நூலில் எழுதியிருக்கிறார். அந்நாட்டில் சந்தன மரங்கள் செறிந்த மலயமலை இருக்கிறது. அதற்குக் கிழக்கே போதலகம் என்ற மலை இருக்கிறது. அதன் வழி ஆபத்தானது, பாறைகள் செங்குத்தானவை. உச்சியில் கண்ணாடிபோல் தெளிந்த ஓர் ஏரி. அதிலிருந்து புறப்படும் ஆறு மலையை இருபது முறை சுற்றிக்கொண்டு இறங்கித் தென்கடலில் சேர்கிறது. ஏரிக்கரையில் உள்ள கல்மாளிகையில் பௌத்தர் வணங்கும் அவலோகிதேசுவரர் வந்து தங்குகிறார். அவரைக் காண விரும்புவோர் உயிரைப் பொருட்படுத்தாமல் நீரைக் கடந்து மலையேறுகிறார்கள்; போய்ச் சேர்பவர் மிகச் சிலர். இதை அடுத்து அவர் எழுதியிருப்பதுதான் முக்கியமானது. மலையடியில் வாழ்கிறவர்கள் மனமுருகி வேண்டினால், அவர் சில வேளை ஈசுவரன் உருவிலும் சில வேளை உடலெல்லாம் நீறு பூசிய துறவி உருவிலும் அவர்களிடமே வந்து ஆறுதல் சொல்கிறார். அவர்கள் வேண்டியது நிறைவேறுகிறது.

இந்தப் போதலகம் பொதிகையே என்று கருதும் ஆய்வாளர்கள் உண்டு. ஜப்பானிய அறிஞர் சூ ஹிகோசாகா தமிழகப் பௌத்தம் பற்றிய தம் ஆய்வில் இதை விரிவாக வாதிட்டார். எல்லோரும் இதை ஏற்றுக்கொள்ளவில்லை. ஆனால் தமிழ் மரபுக்குள்ளேயே இதற்கு ஒரு துணை இருக்கிறது. 11ஆம் நூற்றாண்டில் புத்தமித்திரர் இயற்றிய வீரசோழியம் என்ற இலக்கண நூல், அகத்தியர் தமிழைக் கேட்டறிந்தது அவலோகிதரிடம் என்கிறது. சைவர்களுக்குச் சிவனிடம் தமிழ் பெற்ற முனிவர் பௌத்தர்களுக்கு அவலோகிதரின் மாணவராகிறார். இரு மரபும் அவரை இருத்துவது பொதிகை மலையில்தான். திபெத்தின் லாசா நகரிலுள்ள பொட்டாலா அரண்மனைக்கு அந்தப் பெயர் வந்தது போதலக மலையிலிருந்து. சீனக் கடற்கரையை ஒட்டிய பூத்துவோ தீவுக்கும் அப்படியே. லாசா வழியாக மானசரோவருக்குப் போகும் தமிழ் யாத்திரிகர், தென்னாட்டு மலையொன்றின் பெயர் தாங்கிய மாளிகையைப் பார்த்துவிட்டே வடக்கின் ஏரிக்குப் போகிறார். அந்தத் தென்மலை பாபநாசத்துக்கு மேலே நிற்பதுதானா என்று அறுதியிட முடியாவிட்டாலும், இது நினைத்துப் பார்க்கத் தகுந்தது.

யுவான் சுவாங் அந்த மலையில் ஏறியவரல்லர். காஞ்சிபுரம் வரை வந்து, தெற்கே உள்ளவற்றைக் கேட்டு எழுதினார் என்பதே பெரும்பாலோர் கருத்து. அப்படியானால் அவர் பதிந்தது அக்காலத்து மக்கள் நம்பிக்கையை. அந்த நம்பிக்கையில் ஏறியவருக்கு இவ்வளவு, நின்றவருக்கு இவ்வளவு என்ற அளவுகோல் இல்லை. உயிரைப் பணயம் வைத்தவரின் துணிவு மதிக்கப்படுகிறது. அடிவாரத்தில் நிற்பவரோ ஏற வேண்டியதில்லை. தெய்வம் இறங்கி வருகிறது.

பொதிகை இன்று எப்படி இருக்கிறது என்று பார்த்தால் இந்த நம்பிக்கையின் பொருள் இன்னும் தெளிவாகும். பொதிகை எனப்படும் அகத்தியமலை 1,868 மீட்டர் உயரமுள்ளது. உச்சி கேரள எல்லைக்குள் இருக்கிறது. கிழக்குச் சரிவு திருநெல்வேலி மாவட்டத்தில் இறங்குகிறது. இச்சரிவின் மேற்பகுதியில் உள்ள பூங்குளம் என்ற சுனையையே தாமிரபரணியின் பிறப்பிடமாக மக்கள் கொள்கிறார்கள். அங்கிருந்து புறப்படும் நீர் பாணதீர்த்த அருவியாக விழுந்து, காரையாறு அணையில் தங்கி, கல்யாண தீர்த்தம், அகத்தியர் அருவி வழியாகப் பாபநாசத்தில் சமவெளியைத் தொடுகிறது. பிறகு அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி, திருநெல்வேலி, சீவைகுண்டம் என்று ஓடி, புன்னைக்காயலில் மன்னார் வளைகுடாவைச் சேர்கிறது. ஆற்றின் நீளம் சுமார் 128 கி.மீ. தமிழ்நாட்டுக்குள்ளேயே பிறந்து தமிழ்நாட்டுக்குள்ளேயே கடல் சேரும் வற்றாத ஆறு இது.

பனி இல்லாத நாட்டில் ஓர் ஆறு எப்படி வற்றாமல் ஓடுகிறது? தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் இந்த மலைக்குக் கிடைக்கின்றன என்பது பாதி விடை. மற்றப் பாதி காட்டில் இருக்கிறது. உயரத்தில் உள்ள சோலைக்காடும் புல்வெளியும் ஈத்தைக் காடும் மழையை உடனே ஓடவிடுவதில்லை. பல நூறு ஆண்டுகளாக உதிர்ந்து மட்கிய இலைமண் நீரை உறிஞ்சி வைத்து, மாதக்கணக்கில் சிறுகச் சிறுகக் கசியவிடுகிறது. இமயத்தில் பனியாறு செய்யும் வேலையைப் பொதிகையில் சோலைக்காடு செய்கிறது. பனிப்பாறை மேல் மனிதர் நடப்பதால் அதற்குப் பெரிய கேடில்லை. இந்த மண்ணும் புல்லும் அப்படியல்ல. ஆயிரம் கால்கள் ஒரே தடத்தில் நடந்தால் புல் போய், மண் அரித்து, அதே மழை ஒரே நாளில் இறங்கிவிடும்.

தமிழ்நாட்டுப் பக்கத்தில் பாபநாசம், காரையாறு, பாணதீர்த்தம், இஞ்சிக்குழி, பூங்குளம் என்று ஏறும் பழைய வழி ஒன்று உண்டு. ஒரு தலைமுறைக்கு முன்வரை அந்த வழியில் பக்தர்கள் போய்வந்தார்கள். இப்பகுதி 1988இல் உருவான களக்காடு–முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் வருகிறது. 2001இல் அறிவிக்கப்பட்ட அகத்தியமலை உயிர்க்கோளக் காப்பகம் 2016இல் யுனெஸ்கோவின் உலக வலைப்பின்னலிலும் சேர்ந்தது. அந்த வழி இன்று பக்தர்களுக்குத் திறந்திருப்பதில்லை. உச்சிக்குப் போக விரும்புவோர் கேரள வனத்துறையிடம் முன்பதிவு செய்து, சனவரி முதல் மார்ச் வரையுள்ள பருவத்தில் போனக்காட்டிலிருந்து ஏறுகிறார்கள். ஒரு நாளைக்கு இத்தனை பேர்தான் என்ற வரம்பு உண்டு. முதல் நாள் அதிருமலை முகாம் வரை நடை. மறுநாள் விடியலில் உச்சி ஏற்றம், கயிறு பிடித்து ஏற வேண்டிய வழுக்குப்பாறைகள், உச்சியில் அகத்தியர் சிலை, பிறகு இறக்கம். யானையும் காட்டெருமையும் அட்டையும் மேகமும் உள்ள வழி.

வடக்கே நிலைமை வேறு. இமாசலப் பிரதேசத்தின் மணிமகேஷ் ஏரி ஏறத்தாழ 4,000 மீட்டர் உயரத்தில், பனியுருகும் நீரால் நிரம்புகிறது. ஹட்சர் என்ற ஊரிலிருந்து 13 கி.மீ. ஏற்றம். கோகுலாஷ்டமிக்கும் ராதாஷ்டமிக்கும் இடைப்பட்ட நாட்களில் கூட்டம் கூட்டமாக ஏறுகிறார்கள். உடல் வலுவுள்ளவர் ஒரே நாளில் ஏறித் திரும்பவும் முயல்வதுண்டு. திபெத்தின் மானசரோவர் சுமார் 4,590 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கயிலை மலையைச் சுற்றிவரும் 52 கி.மீ. பாதை டோல்மா கணவாயில் 5,600 மீட்டரைத் தாண்டுகிறது. 1962 போரை ஒட்டிய காலத்தில் அடைபட்ட இந்த யாத்திரை 1981இல் மீண்டும் தொடங்கியது. 2020இல் நின்று, 2025இல் மறுபடி திறந்தது. தமிழ்நாடு அரசு மானசரோவருக்கும் முக்திநாத்துக்கும் போய்வருவோருக்கு மானியம் தருகிறது.

இந்த வடநாட்டு யாத்திரைகளில் ஒரு பொதுத்தன்மை கவனிக்கத் தக்கது. மானசரோவர் போகிறவர் யாரும் கயிலை மலைமேல் ஏறுவதில்லை. அந்தச் சிகரத்தில் மனிதர் யாரும் கால்வைத்ததாக ஏற்கப்பட்ட பதிவே இல்லை. மணிமகேஷில் நீராடுகிறவர், எதிரே நிற்கும் சிகரத்தைக் கரையிலிருந்து கும்பிட்டுவிட்டு இறங்குகிறார். பல நாள் பாடுபட்டு மேலே போனவரும் ஓரிடத்தில் நின்றுவிடத்தான் செய்கிறார். அவர் நிற்கும் இடத்தில் ஓர் ஏரி இருக்கிறது, அவ்வளவே. அப்படிப் பார்த்தால் மலை ஏரியும் ஓர் அடிவாரம்தான். பாபநாசம் படித்துறையில் நின்று பொதிகையைப் பார்க்கிறவருக்கும் மானசரோவர் கரையில் நின்று கயிலையைப் பார்க்கிறவருக்கும் உள்ள வேறுபாடு எத்தனை கல் தொலைவில் நிற்கிறார்கள் என்பது மட்டுமே.

தமிழ்ச் சைவம் இந்தக் கேள்வியை மிக ஆழமாகச் சிந்தித்திருக்கிறது. 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் இயற்றிய பெரியபுராணத்தில் கயிலைக்குப் போனவர்களின் கதைகள் பல. காரைக்காலம்மையார் அந்தப் புனித மலையைக் காலால் மிதிக்கலாகாது என்று தலையால் நடந்து போனார். சுந்தரர் வெள்ளை யானை மேல் போனார். அவர் தோழர் சேரமான் பெருமாள் குதிரையில் தொடர்ந்தார். நாவுக்கரசர் நடந்து போனார். அந்த நடையைத்தான் சேக்கிழார் நெஞ்சு பதறும்படி விரித்துச் சொல்கிறார்.

திருக்காளத்தியை வணங்கிய பின் நாவுக்கரசருக்குக் கயிலையைக் காணும் வேட்கை பிறக்கிறது. திருப்பருப்பதம், காசி என்று போய், உடன் வந்தவர்களைக் காசியிலேயே விட்டுவிட்டுத் தனியே நடக்கிறார். அப்போதே முதியவர். பாதம் தேய்கிறது, கைகளால் தாவிப் போகிறார். கைகளும் தேய, மார்பால் ஊர்ந்து போகிறார். மார்பும் சிதைய, புரண்டு போகிறார். அதுவும் முடியாமல் வழியில் கிடக்கிறார். அப்போது இறைவன் ஒரு முனிவர் உருவில், அருகே ஒரு தடாகத்தையும் உண்டாக்கிக்கொண்டு வந்து, மானுடர் கயிலை சேர்வது எளிதல்ல, திரும்பிப் போவதே தக்கது என்கிறார். காணாமல் இந்த உடலோடு திரும்பமாட்டேன் என்று நாவுக்கரசர் மறுக்கிறார். முனிவர் மறைய, எழுந்திரு என்று ஒரு குரல். தேய்ந்த உடல் பழையபடி ஆகிறது. இந்தத் தடாகத்தில் மூழ்கி, கயிலைக் காட்சியைத் திருவையாற்றில் காண் என்ற ஆணை வருகிறது. மூழ்கியவர் காவிரிக் கரையிலுள்ள திருவையாற்றின் குளத்தில் எழுகிறார். எதிரே களிறும் பிடியுமாக, கோழியும் பெடையுமாக, உயிர்கள் இணை இணையாக வருகின்றன. அவை யாவும் அவருக்குச் சிவமும் சத்தியுமாகத் தெரிகின்றன.

நீறு பூசிய துறவியாக இறைவன் தாமே வருவது, பக்கத்தில் ஒரு நீர்நிலை, போய்ச் சேர முடியாத மலை: யுவான் சுவாங் கேட்டெழுதிய நம்பிக்கையில் உள்ள அத்தனையும் இங்கேயும் இருக்கின்றன. நாவுக்கரசரும் யுவான் சுவாங்கும் ஒரே நூற்றாண்டினர். ஒன்றிலிருந்து மற்றொன்று பிறந்தது என்று சொல்ல ஆதாரமில்லை, சொல்லவும் வேண்டியதில்லை. ஒரே காலத்துத் தென்னாட்டில் பௌத்தரும் சைவரும் ஒரே கவலைக்கு ஒத்த விடையைக் கண்டிருக்கிறார்கள் என்பதே போதும்.

இக்கதையை, யாத்திரை வீண், உள்ளூரிலேயே இருக்கலாம் என்று படிப்பது எளிது. சித்தர் பாடல்களில் அந்தக் குரல் உண்டு. தீர்த்தங்களில் முழுகுவதால் என்ன பயன் என்று கடிந்து கேட்டவர் சிவவாக்கியர். ஆனால் சேக்கிழார் அப்படிச் சொல்லவில்லை. நாவுக்கரசர் நடந்த நடை பொய்யாகவில்லை. அந்த நடை இல்லாமல் அந்தத் தடாகம் இல்லை. உடம்பால் செய்யும் தொண்டாகிய சரியைக்குச் சைவ மரபு எடுத்துக்காட்டாகக் கொள்வது நாவுக்கரசரையே. கோயில் முற்றத்துப் புல்லை உழவாரத்தால் செதுக்கிய கைகள் அவருடையவை. அந்த உடம்பு எதுவரை போக முடியுமோ அதுவரை போனது. அதற்கு மேல் அதனிடம் எதுவும் கேட்கப்படவில்லை. கேட்கப்படவில்லை என்பது மட்டுமன்று, தேய்ந்த உடம்பு திருப்பியும் தரப்பட்டது. இறைவன் விரும்பியது உடம்பின் அழிவை அல்ல என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. உடம்பை முன்பு இழுக்கென்று எண்ணியிருந்து, பிறகு அதற்குள்ளே இறைவன் இருப்பதைக் கண்டு அதைப் பேணத் தொடங்கியதாகத் திருமூலரும் சொல்கிறார்.

அப்படியானால் மலையேறுவதில் படும் துன்பத்துக்கு என்ன மதிப்பு? திருவள்ளுவர் தவம் என்ற அதிகாரத்தின் தொடக்கத்திலேயே இதற்கு இலக்கணம் வகுத்துவிடுகிறார். தனக்கு வந்த துன்பத்தைப் பொறுத்துக்கொள்வதும் பிற உயிர்களுக்குத் துன்பம் செய்யாதிருப்பதும் சேர்ந்ததே தவத்தின் உருவம் என்பது அவர் முடிவு. யாத்திரை பற்றிய பேச்சில் முதல் பாதியே எப்போதும் பெரிதாகிறது: எவ்வளவு தூரம், எவ்வளவு குளிர், கால் எப்படிக் கொப்பளித்தது. இரண்டாம் பாதியை யாரும் கேட்பதில்லை. ஆனால் இரண்டில் ஒன்று இல்லையென்றால் அது தவமாகாது. வெறும் உடல் வருத்தம்தான். அதைக் கூலிக்குச் சுமை தூக்குகிறவர் தினமும் படுகிறார்.

இந்த இரண்டாம் பாதியில்தான் முன்னேற்பாடு சமயக் கேள்வியாகிறது. எல்லாவற்றையும் அவன் பார்த்துக்கொள்வான் என்று கிளம்புவதைப் பெரிய பக்தியாகவும், கடிகாரமும் கணக்குமாகக் கிளம்புவதை நம்பிக்கைக் குறைவாகவும் நினைப்பவர்கள் உண்டு. இது சரியல்ல. சபரிமலைக்கு 41 நாள் விரதம் இருக்கச் சொன்ன மரபு, ஆயத்தமில்லாத பயணத்தை ஒருநாளும் உயர்த்திப் பேசியதில்லை. விரதம் என்பதே முன்னேற்பாடுதான்; மனத்துக்குச் செய்வதை உடலுக்கும் செய்ய வேண்டும் என்பதே மிச்சம்.

உடலுக்கு என்ன செய்ய வேண்டும் என்பதை மலையின் இயல்பே விதிக்கிறது. 4,000 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழ 60 விழுக்காடுதான். ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் பிராணவாயுவும் அந்த அளவுக்குக் குறைகிறது. கடல்மட்டத்தை ஒட்டி வாழும் நெல்லைச் சமவெளிக்காரர் இரண்டே நாளில் அங்கு போய் நின்றால் தலைவலி, குமட்டல், தூக்கமின்மை தொடங்கும். முற்றினால் நுரையீரலிலோ மூளையிலோ நீர் கோத்து உயிருக்கே ஆபத்தாகும். அதற்குத் தலையாய மருத்துவம் உடனே கீழே இறங்குவது. 3,000 மீட்டருக்கு மேல் தங்குமிடத்தின் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்குள்ளாகவே கூட்ட வேண்டும் என்பது மலை மருத்துவத்தின் பொதுவிதி. பனியுருகி வரும் ஓடைகள் காலையில் கணுக்கால் அளவும், வெயில் ஏறிப் பனி கரைந்தபின் பிற்பகலில் இடுப்பளவுமாக ஓடுவதுண்டு. எனவே இருட்டிலேயே புறப்படுவதும், எங்கிருந்தாலும் இந்த மணிக்குத் திரும்பிவிடுவது என்று கீழேயே முடிவு செய்துகொள்வதும் ஏரிக்குப் போகிறவர் கடைப்பிடிக்க வேண்டியவை. பனி ஏரிகளே உடைவதும் உண்டு. 2013 சூன் மாதம் கேதார்நாத்துக்கு மேலே இருந்த சோராபாரி ஏரி பெருமழையில் உடைந்து, கீழேயிருந்த யாத்திரைத் தலத்தை நொடியில் மூடியது.

தென்னாட்டு மலைகளில் பயம் வேறு விதம். இங்கே மேலே பெய்யும் மழை கீழே நிற்பவருக்குத் தெரியாது. 2015 மே மாதம் சதுரகிரியில் திடீரென்று வந்த காட்டாற்று வெள்ளம் பக்தர்களை அடித்துச் சென்றது. கோவை வெள்ளியங்கிரியில் ஏழு மலைகளையும் ஒரே மூச்சில் ஏறி இறங்க முயன்று மூச்சடைத்து விழுந்தவர்கள் பலர். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி 20 பேருக்கு மேல் இறந்தனர். அவர்கள் யாத்திரிகர்கள் அல்லர், மலையேற்றத்துக்குப் போனவர்கள். தீப்பற்றும் காய்ந்த புல்லுக்கு அந்த வேறுபாடு கிடையாது. அதற்குப் பின்னரே மலையேற்றத்துக்கென்று தமிழ்நாடு அரசு தனி விதிகள் வகுத்தது.

பாதி வழியில் திரும்புவதை அபசகுனமாகவோ தெய்வக் குற்றமாகவோ எண்ணும் பழக்கம் இத்தகைய இழப்புகளைக் கூட்டுகிறது. நாவுக்கரசர் திரும்பமாட்டேன் என்றாரே என்று கேட்கலாம். அவர் தனியே போனார். தம்மோடு யாரையும் இழுத்துக்கொண்டு போகவில்லை. உடன் வந்தோரைக் காசியிலேயே நிறுத்திவிட்டார். இன்று ஒருவர் திரும்ப மறுத்தால், அவரைத் தேடி மேலே போக வேண்டிய வனக்காவலரும் சுமைக்காரரும் தம் உயிரையும் சேர்த்து வைக்க வேண்டியிருக்கிறது. வள்ளுவரின் இரண்டாம் பாதி அங்கே முறிந்துபோகிறது.

தாமிரபரணிப் பள்ளத்தாக்கில் இந்த முறிவு மலையுச்சியைவிட மலையடியில்தான் வெளிப்படையாகத் தெரிகிறது. முண்டந்துறைக் காட்டுக்குள் இருக்கும் காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலில் ஆடி அமாவாசைக்குப் பெருங்கூட்டம் கூடுகிறது. குடும்பம் குடும்பமாகக் காட்டில் குடில் போட்டுத் தங்குவது நெடுநாள் வழக்கம். அதே ஆடி அமாவாசையில்தான் திருவையாற்றில் நாவுக்கரசருக்குக் கயிலைக்காட்சி விழா. புலிகள் காப்பகத்தின் நடுவே தங்கும் நாட்களுக்கும் கொண்டுபோகும் பொருட்களுக்கும் இப்போது கட்டுப்பாடு வந்திருக்கிறது. பக்தர்களுக்கு இதில் மனக்குறை உண்டு. தலைமுறையாக வந்த உரிமை சுருங்குகிறது என்ற அவர்கள் வருத்தத்தை எளிதாக ஒதுக்கிவிட முடியாது. ஆனால் பாபநாசம் படித்துறையில் பரிகாரம் என்று உடுத்த துணியை ஆற்றில் விட்டுப் போகும் பழக்கத்துக்கு அப்படி ஒரு வாதமும் இல்லை. அந்தத் துணிகள் பாறையிடுக்கிலும் மீன்கள் வாழும் மடுவிலும் போய்ச் சுற்றிக்கொள்கின்றன. அதே ஆற்றைத்தான் திருநெல்வேலியும் தூத்துக்குடியும் குடிக்கின்றன. தன் பாவத்தைக் கழற்றி அடுத்த ஊர்க்காரர் குடிக்கும் நீரில் போடுவது எந்தச் சாத்திரத்திலும் புண்ணியமாக முடியாது.

இந்த மலையை யாத்திரைத் தலமாக மட்டும் பார்க்க முடியாததற்கு இன்னொரு காரணம், இது சிலருக்கு வீடு. காணிக்காரர்கள் என்ற பழங்குடியினர் இம்மலையின் இருபுறமும் வாழ்கிறார்கள். தமிழ்நாட்டுப் பக்கம் சின்ன மயிலாறு, பெரிய மயிலாறு, இஞ்சிக்குழி, சேர்வலாறு ஆகியவை அவர்கள் குடியிருப்புகள். அகத்தியர் அவர்களுக்குக் குலமுதல்வர் போன்றவர். கேரளப் பக்கத்தில் 1987இல் ஓர் ஆய்வுக் குழு காணிக்காரர் துணையோடு மலையேறியபோது, ஆய்வாளர்கள் களைத்துப்போக, வழிகாட்டிகள் ஒரு சிறு செடியின் காயைத் தின்றுகொண்டு சோர்வில்லாமல் நடந்தார்கள். ஆரோக்கியப்பச்சை என்ற அந்தச் செடியிலிருந்து பின்னர் ‘ஜீவனி’ என்ற மருந்து உருவானது. உரிமத் தொகையில் பாதியைக் காணிக்காரர்களின் அறக்கட்டளைக்குத் தருவது என்ற ஏற்பாடு, பழங்குடி அறிவுக்கு உரிய பங்கைத் தந்த முன்னோடி முயற்சியாக உலகெங்கும் பேசப்பட்டது. ஏறுகிறவருக்குக் களைப்பு தீர வழி சொன்னவர்களும் அந்த மலையின் அடிவாரத்தார்தான்.

உச்சிக்கு யார் ஏறலாம் என்பதிலும் அவர்கள் குரல் ஒலித்தது. நெடுங்காலம் பெண்களுக்கு அகத்தியமலை யாத்திரையில் அனுமதி இல்லாதிருந்தது. 2018 நவம்பரில் கேரள உயர்நீதிமன்றம் பாலின வேறுபாடு கூடாது என்று தீர்ப்பளித்தது; 2019 சனவரியில் அத்தீர்ப்பின்படி பெண்கள் ஏறத் தொடங்கினர். அகத்தியர் நோன்பு காக்கும் முனிவர், அவர் சன்னிதியைப் பெண்கள் நெருங்குவது மரபல்ல என்று காணிக்காரர்கள் எதிர்ப்புத் தெரிவித்தனர். ஆனால் ஏறியவர்களைத் தடுக்கவில்லை. சட்டத்தின் முன் தீர்ப்பு சரியானது. காரைக்காலம்மையாரைத் தன் வாயால் அம்மை என்று அழைத்த கடவுளைக் கொண்ட சமயத்துக்கும் இது ஒவ்வாததல்ல. என்றாலும் மலையில் வாழ்கிறவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல், மேலே போவதை வெறும் உரிமையாகக் கொள்வது விருந்தாளிக்கு உரிய பண்பல்ல. அந்தக் குறை, வரிசையில் முன்பதிவு செய்து ஏறும் ஆண்களுக்கும் உண்டு.

தாமிரபரணிக் கரை மக்கள், ஏற முடியாதவருக்கென்று ஒரு முழுமையான ஏற்பாட்டைப் பல நூற்றாண்டுகளாக வைத்திருக்கிறார்கள். சிவன்–பார்வதி திருமணத்துக்கு உலகமெல்லாம் கயிலையில் கூடியபோது வடக்கு தாழ்ந்தது. சமன் செய்ய அகத்தியர் தெற்கே அனுப்பப்பட்டார். எல்லோரும் கண்ட திருமணத்தை அவர் மட்டும் காணவில்லை. அந்தக் காட்சியை இறைவன் அவருக்குப் பொதிகை அடிவாரத்தில் காட்டியதாகத் தலபுராணம் சொல்கிறது. கல்யாண தீர்த்தத்தின் பெயரும் பாபநாசநாதர் கோயிலில் இறைவன் இறைவியின் மணக்கோலமும் அதைச் சொல்பவை. கயிலைக்குப் போக முடியாதவருக்குக் கயிலை வந்த முதல் கதை இது. அகத்தியரின் மாணவர் உரோமச முனிவரின் கதை இரண்டாவது. அவர் ஆற்றில் ஒன்பது தாமரை மலர்களை விட்டார். அவை கரை சேர்ந்த ஒவ்வோரிடத்திலும் ஒரு கயிலாயநாதர் கோயில் அமைந்தது. பாபநாசம், சேரன்மகாதேவி, கோடகநல்லூர், குன்னத்தூர், முறப்பநாடு, சீவைகுண்டம், தென்திருப்பேரை, ராஜபதி, சேர்ந்தபூமங்கலம் என்று மலையடி முதல் கடற்கரைக்கு அருகே வரை நவகைலாயங்கள் நிற்கின்றன.

மார்கழி ஞாயிற்றுக்கிழமைகளில் திருநெல்வேலியிலிருந்து அரசுப் பேருந்துகள் இந்த ஒன்பது தலங்களுக்கும் காலையில் புறப்பட்டு இரவுக்குள் திரும்புகின்றன. இதுவும் ஒரு நாள் யாத்திரைதான். எழுபது வயதுக்காரரும் மூட்டுவலிக்காரரும் ஏறி உட்கார்ந்து போகிறார்கள். மலையேறியவரின் புண்ணியத்தில் இது குறைந்தது என்று இக்கரையில் யாரும் சொல்வதில்லை. ராஜபதியின் பழைய கோயிலை ஆற்று வெள்ளம் அடித்துப் போய்விட்டது. அண்மைக் காலத்தில்தான் அங்கே புதுக்கோயில் எழுந்தது. பூங்குளத்துக்கு மேலே சோலைக்காடு நிற்கும்வரைதான் கீழே ஆற்றில் ஆண்டு முழுவதும் நீர் ஓடும், ஒன்பது கோயில்களுக்கும் திருமஞ்சனம் நடக்கும். ஆகையால் மேலே போகும் வழி அடைபட்டிருப்பதை அடிவாரத்து வழிபாட்டுக்கு நேர்ந்த குறையாகக் கொள்ள வேண்டியதில்லை. அந்த வழிபாடு நிலைப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.